றவூப் என்ற மூன்று எழுத்து

புதுக்கடை நீதிமன்றத்தில் என் கையெழுத்து என்னுடையதல்ல என்று தீர்ப்பாகி ஐந்து மாதமாகிறது. தீர்ப்பை வாசிக்கும்போது நான் அங்கேதான் நின்றேன். கையும் என்னோடுதான் இருந்தது. இருந்தும் அப்படித்தான் தீர்ப்பானது.

வழக்கு என்னுடையதில்லை, ஹஸன் நானாவின் மகள் பர்ஹாவுடையது. ஹஸன் நானா ஒருகொடவத்தையில் ஒரு கொன்டெய்னர் யாட்டில் லொறி ஓட்டினார். நான் அதே யாட்டில் நாட்டாமை, மூட்டை ஏற்றி இறக்குகிறவன். இருபது வருடத்துக்கு மேல் அவருடைய லொறிக்குப் பாரம் ஏற்றியிருக்கிறேன். கொட்டாஞ்சேனையில் அவருக்கு இரண்டு அறையும் ஒரு குசினியுமாகச் சின்ன வீடொன்று இருந்தது. மனைவி முந்தியே மவுத்து. பர்ஹா ஒரே பிள்ளை, கலியாணம் முடித்துப் போய் ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தவள். அந்தக் குசினியில் இடியப்பம் அவித்து ஐந்து கடைகளுக்குக் கொடுப்பாள். ஹஸன் நானாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு, இரண்டு பேரின் சாப்பாடும் அவருடைய மருந்தும் அந்த இடியப்பத்தில்தான் ஓடியது.

எங்கள் மார்க்கச் சட்டப்படி, ஆண்பிள்ளை இல்லாதவர் மவுத்தானால் ஒரே மகளுக்குச் சொத்தில் பாதிதான். மிச்சம் கூடப்பிறந்தவனின் மகனுக்குப் போகலாம். ஹஸன் நானாவின் மவுத்தான காக்காவுக்கு, மூத்தவருக்கு, அப்படி ஒரு மகன் இருந்தான், ஷிராஸ். இரண்டு அறை வீட்டைப் பாதியாக வெட்டி யாரும் குடியிருக்க முடியாது, விற்றுத்தான் பிரிக்கலாம். ஆனால் உயிரோடு இருக்கும்போதே மகளுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்துவிட்டால் அதில் ஒருவரும் கை வைக்க ஏலாது. ஹஸன் நானா அப்படிச் செய்யத்தான் நினைத்தார். சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார். அது பன்னிரண்டு வருடத்துக்கு முன், நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. எழுத்துப் பழகி மூன்று வாரம்.

யாட்டுக்குள் நுழையும்போது வாசலில் உள்ள புத்தகத்தில் பெயருக்கு நேரே கையெழுத்து வைக்க வேண்டும். எங்களில் பாதிப் பேர் விரல்தான் வைப்போம். வாசல் கிளார்க் லவன், யாழ்ப்பாணத்துப் பையன், ஒரு நாள் பிஸ்கட் பெட்டி மட்டை ஒன்றைக் கிழித்து அதில் என் பெயரைப் பெரிதாக எழுதித் தந்தான். மூன்றே மூன்று எழுத்துத்தானே நானா, இதைப் பார்த்துக் கீறிப் பழகுங்கோ என்றான். நான் எழுதவில்லை, கீறத்தான் செய்தேன். ‘ற’வின் இரண்டு வளைவுகளும் ஒரே உயரத்துக்கு வராது. ‘வூ’வில் முதலில் ‘வ’வைப் போட்டு, பேனையைத் தூக்கி, மூச்சு விட்டு, பிறகு வாலை ஒட்டுவேன். வால் விலகி நின்றால் திரும்பத் தொட்டுச் சேர்ப்பேன். ‘ப்’புக்குப் புள்ளி வைக்கும்போது மட்டும் ஒரு சந்தோசம் வரும். முடிந்துவிட்டதே என்று.

பத்திரம் எழுதுகிற நொத்தாரிசின் கந்தோர் புதுக்கடையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்தது. அவர் ஹஸன் நானாவின் இடது பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, நன்கொடை எழுதிய உறுதிப் பத்திரத்தில் வைத்தார். கை நடுங்கியதில் அது ஒரு கறுப்புக் கறையாக விழுந்தது. திரும்ப வைப்பிக்க அவர் மினக்கெடவில்லை. மைப்பெட்டியை அப்படியே என் பக்கம் தள்ளினார். நான் அதைத் திரும்பத் தள்ளிவிட்டு, சைன் வைப்பேன் என்றேன். நொத்தாரிசு கொட்டாவி விட்டுக்கொண்டு பார்த்திருந்தார். நான்கு நிமிடமாவது எடுத்திருப்பேன். ஹஸன் நானா சரிந்த வாயின் மற்றப் பாதியால் சிரித்தார். என்னுடைய வயதில் அதைவிடப் பெரிய பெருமை எனக்குக் கிடைத்ததில்லை.

அன்று விரலை வைத்திருந்தால் பர்ஹாவின் வீடு பர்ஹாவிடம் இருந்திருக்கும்.

ஹஸன் நானா மவுத்தாகி இரண்டு வருடத்துக்குப் பிறகு ஷிராஸ் வழக்குப் போட்டான். உறுதி கள்ள உறுதி என்றான். அவன் அப்படிச் சொல்ல இடமும் இருந்தது. அந்த நொத்தாரிசு வேறு இரண்டு கள்ள உறுதியில் அகப்பட்டு, அனுமதி பறிபோய், அதற்குப் பிறகு செத்தும் போயிருந்தார். அவருடைய கையெழுத்தை யாரும் நம்பத் தயாராக இல்லை. ஹஸன் நானாவின் விரல் கறையை எதோடும் ஒப்பிட முடியாது. மற்றச் சாட்சி நொத்தாரிசின் கிளார்க். அவன் இத்தாலிக்குப் போய் எங்கே இருக்கிறான் என்றே தெரியவில்லை. மிச்சம் இருந்தது நான் ஒருவன்.

பர்ஹாவுக்காகப் பேசிய சட்டத்தரணி யதுஷா வெள்ளவத்தைப் பிள்ளை. கெட்டிக்காரி, எங்களிடம் மனம் வைத்து வேலை செய்தவள். ஷிராஸின் பக்கம் ஒரு கையெழுத்து நிபுணரைக் கூப்பிடுகிறார்கள், பெயர் ஸ்ரீஸ்கந்தராசா என்று அவள் சொன்னபோது, சல்லி கொடுத்துச் சொல்ல வைப்பார்கள் போலிருக்கிறது என்று நான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

“அவர் காசுக்குச் சொல்லுற ஆளில்லை நானா. அதுதான் பிரச்சினை.”

எனக்கு அது பிரச்சினையாகப் படவில்லை, நல்லதாகத்தான் பட்டது. உண்மையான ஆள், தெரிந்த ஆள். அப்படியென்றால் என்னுடையதை என்னுடையது என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் சாட்சிக் கூட்டில் ஏறிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளைச் சேட்டு, மெலிந்த உடம்பு, கையில் ஒரு பூதக்கண்ணாடி. முப்பத்தொரு வருடம் இந்த வேலை செய்ததாகச் சொன்னார். நீதிமன்றத்தில் என்னிடம் எடுத்த ஆறு மாதிரிக் கையெழுத்தையும் உறுதியில் உள்ளதையும் பெரிதாக்கிக் காட்டினார். உறுதியில் உள்ள கோடு மெதுவாகப் போன கோடு என்றார். பேனை நின்ற இடங்களில் மை ஊறியிருக்கிறது. நடு எழுத்தில் பேனை தூக்கப்பட்டிருக்கிறது. வாலைத் திரும்பத் தொட்டுச் சேர்த்திருக்கிறார்கள். தன் பெயரை எழுதுகிற மனிதன் யோசிப்பதில்லை, இதை எழுதியவர் ஒவ்வொரு வளைவிலும் யோசித்திருக்கிறார், இது வேறொருவர் ஒரு மாதிரியைப் பார்த்துக் கீறியது என்று முடித்தார்.

நான் இருந்த இடத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பர்ஹா என் முழங்கையில் இடித்த பிறகுதான் நிறுத்தினேன். நான் மூச்சு விட்ட இடம்கூட அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் ஆளை மட்டும்தான் மாற்றிச் சொன்னார்.

பிந்திய வயதில் எழுதப் பழகிய ஒருவர் இப்படி எழுதியிருக்க முடியாதா என்று யதுஷா கேட்டாள். முடியும் என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அதைச் சொல்ல, அந்தக் காலத்திலேயே அவர் வைத்த வேறு கையெழுத்து வேண்டும் என்றார். வெளியே வந்ததும் யதுஷா என்னைப் பிடித்துக்கொண்டாள். அந்த நாட்களில் யாட்டில் தினமும் சைன் வைத்தீர்களா என்று கேட்டாள். ஓம் மிஸ், ஒவ்வொரு நாளும் என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. இதை யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை, இங்கேயும் முடிகிறதோ தெரியவில்லை. சுறுக்காக எழுதத் தெரியாதவர்கள் வரிசையில் நின்றால் லொறிகள் பின்னால் தேங்கிவிடும். வேலை கூடிய நாட்களில் நாங்கள் வாசலில் நின்று, லவன், என்ட ஒண்டப் போடு என்போம். அவன் போடுவான். நான் கண் முன்னால் நிற்கிறேன், நான் சொல்லித்தான் போடுகிறான், என் பெயர்தான். அது என் கையெழுத்து இல்லை என்று எங்களில் ஒருவருக்கும் ஒரு நாளும் தோன்றியதில்லை. விரல் வைக்கிறவர்களுக்கும் அவன் சில நேரம் அப்படிப் போட்டுவிடுவான். பக்கம் துப்புரவாக இருக்குமே.

சுங்கத்துக்குக் காட்ட வேண்டிய புத்தகம் என்பதால் யாட்டில் அதை எறியாமல் வைத்திருந்தார்கள். நீதிமன்றம் கேட்டதும் அரக்கு வைத்து நேரே நீதிபதியிடம் அனுப்பினார்கள். யதுஷாவும் அதை அங்கேதான் முதலில் பார்த்தாள். பெருநாளுக்கு முந்திய வாரம் யாட்டில் மூச்சு விட நேரமில்லாத வாரம். அந்த வாரம் முழுவதும், உறுதி எழுதிய நாள் உட்பட, றவூப் என்ற பெயருக்கு நேரே ஒரே இழுப்பில் ஓடிய அழகான கையெழுத்து. எல்லாம் லவனுடையது, முன்னும் பின்னும் உள்ள வாரங்களிலும் அப்படித்தான்.

ஸ்ரீஸ்கந்தராசா பத்து நிமிடம் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு, புத்தகத்தில் இருப்பதும் மாதிரியில் இருப்பதும் ஒரே ஆளின் கை என்றார். அதிலும் அவரைக் குறை சொல்ல முடியாது. நான் பழகியது லவன் எழுதித் தந்த மட்டையைப் பார்த்து. பத்து வருடத்துக்கு மேல் எழுதி எழுதி என் கை அவனுடைய கையாகவே ஆகிவிட்டிருந்தது.

என்னைத் திரும்பக் கூட்டில் ஏற்றினார்கள். அது லவன் வைத்தது என்று சொன்னேன். ஷிராஸின் சட்டத்தரணி அவசரப்படாமல் கேட்டார், நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரான முதலியார் அதைத் தமிழில் சொன்னார்.

“உங்களுடைய கையெழுத்து மாதிரி இருக்கிறது உங்களுடையதில்லை. உங்களுடையது மாதிரி இல்லாததுதான் உங்களுடையது. அப்படித்தானே சொல்கிறீர்கள்?”

“ஓம்” என்றேன்.

வாங்குகளில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். முதலியாரும் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். நீதிபதி அம்மா மட்டும் சிரிக்காமல் எதையோ எழுதிக்கொண்டார்.

அடுத்த நாள் லவனைப் பார்க்கப் போனேன். அவன் இப்போது அதே யாட்டில் உதவி முகாமையாளர், தலைமுன்பக்கம் வழுக்கை விழுந்துவிட்டது. எனக்குத் தேத்தண்ணீர் எடுப்பித்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டான். நான் சொல்லி முடிக்குமட்டும் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.

“நானா, நான் வந்து சொன்னா உங்களுக்கு மட்டும் வச்சதெண்டு நிக்காது. அது சுங்கப் புத்தகம். நாப்பது பேருக்கு வச்சிருக்கிறன். என்னை உள்ள போடுவாங்கள்.”

எனக்கு உதவி செய்யப் போய்த்தான் அவன் அதைச் செய்தான். வற்புறுத்த மனம் வரவில்லை. யதுஷா அழைப்பாணை அனுப்பலாம் என்றாள். அனுப்பினால் அவன் இல்லை என்றுதான் சொல்வான் என்றும் அவளே சொன்னாள். விட்டுவிட்டோம்.

தீர்ப்பு வந்தது. நிபுணர் எந்தப் பக்கமும் சாராதவர், சாட்சி இறந்தவரின் நெருங்கிய கூட்டாளி, அவர் சொன்னது புத்தகத்தோடு முரண்படுகிறது, உறுதி செல்லாது. மேன்முறையீடு செய்யலாம், ஆனால் அதற்கு வருடங்கள் போகும், நேரில் சாட்சியைக் கண்ட நீதிபதி நம்பாததை மேலே உள்ளவர்கள் நம்புவது அருமை என்று யதுஷா சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெள்ளவத்தைக்குப் போனேன். சண்டைக்குப் போகவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வரவில்லை, ஏனென்றால் நானும் ஒரு விசயத்தில் அவரைப்போல ஆள்தான். மூட்டை அடுக்கைக் கண்ணால் பார்த்தே அது நிற்குமா சரியுமா என்று சொல்வேன். யாட்டில் என்னைக் கேட்காமல் அடுக்கின் கீழே யாரும் போகமாட்டார்கள். இருபது வருடத்தில் ஒரு தரம்கூடப் பிழைபோனதில்லை. ஒரு நாள் ஜெனிஸ்டன் என்ற கூட்டாளி கேட்டான், நானா நிக்குமா என்று. உயரத்தைப் பார்த்தேன், சாய்வைப் பார்த்தேன், நிற்கும், போ என்றேன். மேலே உள்ள நான்கு வரி சரிந்து அவன் தொடை எலும்பு முறிந்தது. அந்தத் தொகுதி சணல் சாக்கில் வரவில்லை, வழுக்குகிற பிளாஸ்டிக் சாக்கில் வந்திருந்தது. சாக்கை நான் பார்க்கவே இல்லை. இருபது வருடமாகப் பார்க்கத் தேவைப்படவில்லையே. ஜெனிஸ்டன் இன்றைக்கும் காலை இழுத்துத்தான் நடக்கிறான். என்னைக் கண்டால் நின்று கதைப்பான், அது இன்னும் கஷ்டம்.

ஸ்ரீஸ்கந்தராசாவின் வீடு கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், நான்காம் மாடியில். கதவைத் திறந்த அவருடைய மனைவி இரத்தினம்மா என்னை யாரென்று கேட்காமலே இருக்கச் சொன்னார். கீழே ரெயில் போனது, யன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. அவர் வந்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். வழக்கு முடிந்தபடியால் கதைப்பதில் பிழையில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எதிரே இருந்தார்.

“ஐயா, அத வச்சது நான்தான்” என்றேன்.

“இருக்கலாம்” என்றார்.

அவர் மறுப்பார், கோபப்படுவார் என்று நினைத்து அதற்கு மறுமொழி வைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் ஒரு தாளையும் பேனையையும் என் முன்னால் வைத்தார். அப்போது எழுதிய மாதிரி ஒருக்கா எழுதிக் காட்டச் சொன்னார்.

எழுதினேன். கை நிற்கவில்லை, ஒரே இழுப்பில் ஓடிவிட்டது. இரண்டாம் முறை வேண்டுமென்றே மெதுவாக எழுதினேன். ‘வ’வில் நிறுத்தினேன், பேனையைத் தூக்கினேன், வாலை ஒட்டினேன். நடுங்கின மாதிரிக் கையை ஆட்டினேன். எனக்கே அது பொய்யாகத் தெரிந்தது. அவர் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தார்.

“இப்ப நீங்கள்தான் கள்ளக் கையெழுத்து வைக்கிறியள்” என்றார். அவர் நக்கலுக்குச் சொல்லவில்லை. “பழகின கை திரும்பப் பழகாத கையாகாது. என்னாலயும் ஏலாது.”

பிறகு அவர் கண்ணாடியை உறையில் போட்டார். தன் மேசைக்கு எத்தனை ஆயிரம் கையெழுத்து வந்தது என்று சொன்னார். காசோலை, உறுதி, மரண சாசனம், எல்லாம் சின்ன வயதிலேயே எழுதப் பழகினவர்களுடையது.

“நாப்பதுக்குப் பிறகு எழுதப் பழகின ஆக்கள் என்னட்ட வாறதில்லை. அவையள் விரல்தானே வைப்பினம். உங்களை மாதிரி ஒருத்தரை நான் பாக்கவே இல்லை. பாக்காததை எப்பிடித் தெரிஞ்சுகொள்ளுறது?”

நாளைக்கு இதே உறுதியும் இதே புத்தகமும் வந்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். அவர் பொய் சொல்லியிருக்கலாம், எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“அதையேதான் சொல்லுவன்” என்றார். “தாளில இருக்கிறதை விட்டிட்டு வேற எதைச் சொல்ல?”

இரத்தினம்மா கொண்டுவந்த கோப்பியைக் குடித்துவிட்டு இறங்கி வந்தேன்.

வீடு விலைப்பட்டது. பர்ஹாவின் பாதியில் அந்த வட்டாரத்தில் ஒரு குளியலறைகூட வாங்க முடியாது. வாடகை அறை தேடி நானும் அவளும் பத்து இடம் ஏறி இறங்கினோம். தனியாக ஒரு பெண் என்றால் முதலில் யோசிப்பார்கள். விடிய முன் எழும்பி இடியப்பம் அவிப்பாள் என்றால் முடிந்தது, புகை, ஆவி, சத்தம் என்று கதவைச் சாத்துவார்கள். கடைசியில் கிடைத்தது வத்தளைப் பக்கம் ஒரு அறை. அவிக்கக்கூடாது என்ற பேச்சோடு. கடைக்காரர் ஐந்து பேரும் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

நேற்றுச் சாமான் ஏற்ற நான் போனேன். பர்ஹா குசினியில் இடியப்பத் தட்டுகளை அடுக்கிச் சீலைத் துண்டால் கட்டிக்கொண்டிருந்தாள். நூற்றுக்கு மேல் இருக்கும். இனி அவை எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவள் முடிச்சைப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“சாச்சா, கோவிக்க வாணாம். வீடு போனது போனதுதான், இனி ஒண்டும் மாறப் போறல்ல. நெசத்தச் சென்னீங்கன்னா எனக்கு மனசு ஆறும். வாப்பா நெசமாவே எழுதித் தந்தாரா? நீங்க அங்க இரிந்தீங்களா?”

ஷிராஸ் கேட்டதும், சட்டத்தரணி கேட்டதும், நீதிபதி கேட்டதும் வேறு. ஐந்து வருடம் அவளுக்காகத்தான் அந்தக் கூட்டில் ஏறி இறங்கினேன்.

“ஏன் புள்ள இப்படிக் கேக்கிற?”

“அவ்வளவு படிச்ச மனிசரு. கண்ணாடி புடிச்சுப் பாத்துத்தானே சென்னாரு. நீங்க எங்கட மேல உள்ள இரக்கத்துல சென்னிருப்பீங்களோண்டு எனக்கு ராவெல்லாம் யோசன. நான் உங்களக் குத்தம் சொல்லல்ல.”

எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஏறிய படி, அவளுடைய வாப்பாவை நானும் ஓட்டோக்காரனும் கதிரையில் வைத்துத் தூக்கியது, மைப்பெட்டி, நான்கு நிமிடம், அவர் பாதி வாயால் சிரித்தது. அவர் வரும் வழியில், பர்ஹாவை இனி யாரும் வீட்டைவிட்டு எழுப்ப ஏலாது என்று குழறிக் குழறிச் சொன்னதையும் சொன்னேன். அது எனக்கு மட்டும் தெரிந்த சொல். அதை நீதிமன்றத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

அவள் கடைசிவரை கேட்டாள்.

“சரி சாச்சா” என்றாள்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். கடைசிக் காலத்தில் நினைவு தடுமாறிப் படுக்கையில் கிடந்த வாப்பா, லொறி வாசலில் நிற்கிறது, சாவியைக் கொண்டா என்று சொல்லும்போதெல்லாம் அவள் அப்படித்தான் சொல்லுவாள்.

வெளியே ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். பர்ஹா கேஸ் சிலிண்டரைக் காட்டி, பாரம் சாச்சா, பார்த்துத் தூக்குங்க என்றாள். நான் குனிந்து அதைத் தோளில் ஏற்றினேன்.